சாப்பிடாத கடல் மீன்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழி

"அண்ணா, மீன் சாப்பிடவே மாட்டேங்குது, என்ன தீனி போடலாம்?" கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. தீனியின் பெயரைச் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தீனி விழும்போது மீன் என்ன செய்கிறது? திரும்பியே பார்க்காத மீன் உண்டு. கிட்டே வந்து உற்றுப் பார்த்துவிட்டு விலகும் மீன் உண்டு. வாயில் வாங்கித் துப்பும், வயிறாரத் தின்றும் இளைக்கும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. அதனால் மீன் வகை வாரியாக எழுதாமல், கண்ணில் படும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

சென்னையில் 11 ஆண்டுகளாகக் கடல் மீன் வளர்க்கிறேன். நான் முதலில் வாங்கிய காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை, தினமும் ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலை வயிறு உப்பத் தின்றது. சாப்பிடுகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டே மாதத்தில் முதுகுச் சதை வற்றி இறந்துபோனது. வயிறு நிறைந்தும் பட்டினி கிடந்திருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. மீனைச் சாப்பிட வைப்பது பாதி வேலை. அதன் உடம்புக்கு வேண்டியதைச் சாப்பிட வைப்பது மீதி வேலை. கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியையும் இந்த இரண்டு கேள்வியோடும் பாருங்கள்.

எதற்கும் முன் தண்ணீர்

தீனி டப்பாவைத் திறக்கும் முன் டெஸ்ட் கிட்டை எடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். உப்படர்த்தி 1.023 முதல் 1.026 வரை, வெப்பம் 25 முதல் 27 டிகிரி வரை, பி.எச். 8.1 முதல் 8.4 வரை. இதில் ஏதாவது ஒன்று விலகியிருந்தால், அதைச் சரிசெய்யும்வரை தீனியை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. போடப்போட அது அழுகி அம்மோனியாவைத்தான் ஏற்றும். முள் வைத்த பழைய ஹைட்ரோமீட்டரில் உப்புப் படிந்தால் அளவு தவறாகக் காட்டும். உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

அப்படியே மீனின் செவுள் அசைவையும் ஒரு நிமிடம் பாருங்கள். தின்னாமல் இருப்பதோடு மூச்சும் வேகமாக இருந்தால், அது பசிப் பிரச்சினை இல்லை, நோய். அதற்குக் கீழே வருகிறேன்.

புதிதாக வந்த மீன் தீனியைத் திரும்பியே பார்க்கவில்லை

கடலில் பிடிபட்ட மீன் நம் வீட்டுக்கு வருவதற்குள் பிடித்தவர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடைக்காரர் என்று பல கை மாறியிருக்கும். பைத் தண்ணீர் கெடக் கூடாது என்பதற்காக, அனுப்பும் முன் வேண்டுமென்றே பட்டினி போட்டிருப்பார்கள். ஆக, நம்மிடம் வரும்போது அதற்குப் பசியும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. முதல் இரண்டு நாளில் பயம்தான் ஜெயிக்கும். அதோடு பெல்லட் என்ற உருண்டைத் தீனியை அது வாழ்நாளில் பார்த்ததே கிடையாது. அதன் கண்ணுக்கு அது மணல்.

முதல் நாள் விளக்கைப் போடாதீர்கள், தீனியும் வேண்டாம். புது மீனையும் நோயுற்ற மீனையும் தனியே வைக்கும் தனிமைத் தொட்டியாக இருந்தால் ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பி.வி.சி. குழாய்த் துண்டுகளைப் போடுங்கள். ஒளிய இடம் இருந்தால்தான் மீன் வெளியே வரத் துணியும். இரண்டாம் நாள் மங்கிய வெளிச்சத்தில் கொஞ்சம் உயிருள்ள ஆர்ட்டீமியாவோ உறைநிலை மைசிஸோ (இறால் போன்ற சிற்றுயிர்) விடுங்கள். கால் மணி நேரத்தில் தின்னாததை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டாம். தள்ளி நின்று பாருங்கள்.

பெரிய தொட்டியில் நேராக விட்டிருந்தால், பழைய மீன் துரத்துகிறதா என்று கவனியுங்கள். புது மீன் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். துளையிட்ட அக்ரிலிக் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டுப் புது மீனை அதில் ஒரு வாரம் வையுங்கள். பக்கத்தில் மற்ற மீன்கள் பெல்லட்டைப் பாய்ந்து தின்பதைப் பார்த்தே பல மீன்கள் பழகிவிடும். இந்த ஒரு பெட்டி என் தொட்டியில் காப்பாற்றிய மீன்கள் ஏராளம். துரத்தும் மீன், பாசி மேயும் டேங் வகையாக இருந்தால், கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். அது தன் பிம்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க, புது மீனுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

எத்தனை நாள் பொறுக்கலாம்? சதைப்பிடிப்பான நடுத்தர மீன் நாலைந்து நாள் தின்னாவிட்டால் பதற வேண்டாம். லயன் மீன், களவாய் போன்ற வேட்டை மீன்கள் இரண்டு வாரம்கூடத் தாங்கும். ஆன்தியாஸ், சின்ன ராஸ், மாண்டரின் போன்ற சிறு மீன்கள் அப்படித் தாங்காது; அவற்றின் உடம்பில் சேமிப்பே இல்லை. மூன்றாம் நாளே உயிர்த்தீனி தேடிப் போய்விடுங்கள்.

இன்னொன்று. தனிமைத் தொட்டியில் தாமிர மருந்து போட்டிருந்தால், அந்த மருந்தே பசியைக் குறைக்கும். மீன் முதலில் நன்றாகச் சாப்பிடப் பழகட்டும், பிறகு மருந்தை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். உடம்பில் நோய் தெரிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

கிட்டே வந்து உற்றுப் பார்க்கிறது, கொத்தாமல் போய்விடுகிறது

இது நல்ல அறிகுறி. பசி இருக்கிறது, பயம் போய்விட்டது, இது உணவு என்பது மட்டும் புரியவில்லை. பட்டர்ஃபிளை மீன்களிடம், அதிலும் காப்பர்பேண்டிடம் இதை அதிகம் பார்க்கலாம்.

அந்த மீனின் மூக்கைப் பாருங்கள். இடுக்கி மாதிரி நீண்டிருக்கிறது. பாறை இடுக்கில் இருக்கும் புழுவையும் சிற்றுயிரையும் இழுத்துத் தின்பதற்கான வாய் அது. நடுத் தண்ணீரில் மிதந்து வரும் எதையும் இரை என்று நினைக்க அதற்குத் தெரியாது. அப்படியானால் தீனியை இடுக்குக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டியது நம் வேலை.

மீன் சந்தையில் மட்டி கிடைக்கும். உயிரோடு இருப்பதாக, ஓடு இறுக மூடியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஆலைக் கழிவும் சாக்கடையும் கலக்கும் முகத்துவாரங்களில் எடுத்தது வேண்டாம். ஓர் இரவு உறைபெட்டியில் வைத்து எடுத்தால் ஓடு எளிதாகத் திறக்கும். கத்தியால் பிளந்து, ஒரு பாதியைச் சதையோடு நல்ல தண்ணீரில் அலசி, மீன் சுற்றிவரும் பாறைமேல் வையுங்கள். தினமும் அதே நேரம், அதே இடம். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் கெடும்.

என் இரண்டாவது காப்பர்பேண்டுக்கு இப்படித்தான் செய்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் தயங்கித் தயங்கி வந்து ஒரு கொத்து கொத்தியது. அதன்பிறகு ஐந்து நிமிடத்தில் ஓடு சுத்தமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. ஒரு வாரம் மட்டியே கொடுத்தேன். பிறகு காலி ஓட்டுக்குள் மைசிஸைத் திணித்து வைத்தேன். ஓடு பழகிய பாத்திரம் என்பதால் யோசிக்காமல் தின்றது. அடுத்து மைசிஸோடு பொடியாக நறுக்கிய இறாலையும் கணவாயையும் கலந்தேன். அப்புறம் ஓட்டுக்கு மேலே ஊசிக்குழாயால் மைசிஸைத் தூவினேன். விழும்போதே வாங்க ஆரம்பித்தது. மொத்தம் மூன்று வாரம் ஆயிற்று. நாலு வருடமாக அந்த மீன் என்னிடம் இருக்கிறது.

அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் மீன் மறுபடி பட்டினிக்குப் போகும். ஒவ்வொரு புதுத் தீனியையும் ஏற்கெனவே தின்னும் தீனியோடு கலந்தே அறிமுகப்படுத்துங்கள். பழையதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். மட்டியையே காலம் முழுக்கக் கொடுத்தாலும் ஆபத்து உண்டு, காரணத்தை அடுத்ததாகச் சொல்கிறேன்.

ஏஞ்சல் மீன்களுக்கும் இதே வழி பொருந்தும். எம்பரர் போன்ற பெரிய ஏஞ்சல்கள் கடலில் கடற்பஞ்சையும் தின்று வளர்கின்றன. அதனால் அவற்றுக்குக் கடற்பஞ்சு கலந்த உறைநிலைத் தீனி என்றே தனியாக விற்கிறார்கள். விலை அதிகம்தான், ஆனால் ஏஞ்சல் வாங்குகிறவர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உயிருள்ள இரையைத் தவிர வேறெதையும் தொடவில்லை

லயன் மீன், ஃபிராக் மீன் மாதிரியான வேட்டைக்காரர்கள். அசைவதுதான் அவற்றுக்கு உணவு. பலர் செய்யும் தவறு, கடையில் மலிவாகக் கிடைக்கும் குட்டித் தங்கமீனை வாங்கி வாங்கிப் போடுவது. மீன் ஆசையாகத் தின்னும், தொட்டி முன்னால் பார்க்கவும் பரபரப்பாக இருக்கும். சில மாதம் கழித்துக் காரணமே தெரியாமல் செத்துப்போகும்.

காரணம் இரண்டு. நன்னீர் மீனின் கொழுப்பு வேறு, கடல் மீனுக்கு வேண்டிய கொழுப்பு வேறு. இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பமிலங்களைக் கடல் மீன்களால் போதிய அளவு தாங்களே உருவாக்கிக்கொள்ள முடியாது. இரையிலிருந்துதான் எடுக்க வேண்டும். தங்கமீனில் அது மிகக் குறைவு. வேண்டாத கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும். அடுத்து, தங்கமீன் உள்ளிட்ட கெண்டை இனங்களில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். நெத்திலியிலும் மட்டியிலும் சில வகை இறாலிலும்கூட இந்த நொதி உண்டு. உறைய வைத்தாலும் போகாது, சூட்டில்தான் அழியும். மட்டியையோ நெத்திலியையோ மட்டுமே கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பழக்க ஒரு நீளமான அக்ரிலிக் குச்சி போதும். தொடக்கத்தில் உயிர் இரை கட்டாயம் வேண்டுமென்றால் மோலி மீனைப் பயன்படுத்துங்கள். அதை மெல்ல உப்புத் தண்ணீருக்குப் பழக்கிவிடலாம், தொட்டியில் விட்டதும் செத்து மிதக்காது. விடுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மோலிக்கு நல்ல கடல்மீன் பெல்லட்டைக் கொடுங்கள். அதன் வயிற்றில் இருப்பது லயன் மீனுக்கும் போகும். பிறகு குச்சி முனையில் ஒரு இறாலையோ வெள்ளைச் சதை மீன் துண்டையோ செருகி, லயன் மீனின் முகத்துக்குச் சற்று மேலே, நீரோட்டத்தில் சின்ன மீன் நீந்துவது போல ஆட்டுங்கள். மீன் விசிறிபோல் துடுப்பை விரித்து நெருங்கினால் பாதி ஜெயித்துவிட்டீர்கள். இரண்டு நிமிடம் ஆட்டிப் பாருங்கள், எடுக்காவிட்டால் விட்டுவிட்டு மறுநாள். பசிதான் இங்கே நமக்குத் துணை. கை மட்டும் பத்திரம், முதுகு முள்ளில் நஞ்சு இருக்கிறது.

பழகிய பிறகு வாரம் இரண்டு மூன்று முறை போதும். இறால், கணவாய், வெள்ளைச் சதை மீன் என்று மாற்றிக் கொடுங்கள். தினமும் கேட்கிற மாதிரிதான் அது பார்க்கும். கொடுத்தால் ஈரல் கொழுத்துச் சாகும்.

வாயில் வாங்கித் துப்புகிறது

பெரும்பாலும் அளவுதான். வாயில் பாதி அளவுக்கு மேல் துண்டு இருக்கக் கூடாது. சின்ன கிளவுன் மீனுக்கு அரை மில்லிமீட்டர் பெல்லட்டே போதும். பெல்லட்டைத் தொட்டித் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் போடுங்கள், மெத்தென்று இருந்தால் விழுங்கிவிடும். டப்பாவை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்த டப்பா மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது, வைட்டமின் சி அதற்குள் போய்விடும். பெரிய டப்பா மலிவு என்று வாங்காமல் சின்னதாக வாங்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

பூண்டுச் சாறு இரண்டு சொட்டு சேர்த்தால் சில மீன்கள் ஆர்வமாக எடுக்கும். அந்த அளவுக்குப் பூண்டு நல்லது. வெள்ளைப்புள்ளி நோய் பூண்டில் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனாலும் இளைக்கிறது

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இதுதான். ஏனென்றால் பெரும்பாலானோர் கவனிக்கவே மாட்டார்கள். மீனைப் பக்கவாட்டில் பார்த்தால் வயிறு நிறைந்து தெரியும். நேருக்கு நேர், முகத்துக்கு எதிரே இருந்து பாருங்கள். கண்ணுக்குப் பின்னால், தலைக்கு மேலே முதுகுச் சதை இரு பக்கமும் உட்குழிந்து கத்திமுனை மாதிரி இருந்தால் மீன் பட்டினியில் இருக்கிறது. ஞாயிறுதோறும் இப்படி எதிரே இருந்து போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

முதல் சந்தேகம், தீனியில் சத்து இல்லை. என் முதல் காப்பர்பேண்டைக் கொன்றது இதுதான். வளர்ந்த ஆர்ட்டீமியா பெரும்பாலும் தண்ணீர். சத்தேற்றாமல் கொடுத்தால் அது வெறும் நொறுக்குத் தீனி. அப்போதுதான் பொரித்த குஞ்சு ஆர்ட்டீமியா அப்படியில்லை, மஞ்சள்கருக் கொழுப்போடு இருக்கும். ஆனால் அந்தச் சேமிப்பும் பொரித்த சில மணி நேரத்திலேயே கரைய ஆரம்பிக்கும். அதனால் பொரித்ததும் கொடுங்கள். அல்லது குஞ்சு முதல் முறை தோலுரித்துத் தானே தின்னத் தொடங்கிய பிறகு, டி.எச்.ஏ. நிறைந்த சத்துக் கரைசலில் அரை நாள் விட்டு, அலசிக் கொடுங்கள். அன்றாடத்துக்கு ஆர்ட்டீமியாவின் இடத்தில் மைசிஸை வையுங்கள். இரத்தப்புழு, டியூபிஃபெக்ஸ், மாட்டு இருதயம் எல்லாம் நன்னீர் மீன்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். பிடிவாதக்கார மீனின் வாயைத் திறக்க இரண்டு நாள் இரத்தப்புழு கொடுக்கலாம், தப்பில்லை. அதுவே சாப்பாடாக ஆகிவிடக் கூடாது.

அடுத்தது, எத்தனை வேளை. ஆன்தியாஸ், குரோமிஸ் போன்றவை கடலில் பகல் முழுக்க மிதவையுயிர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்பவை. தினம் ஒரு வேளை குவியலாகக் கொடுத்தால் அவற்றின் சின்ன வயிறு ஓரளவுதான் கொள்ளும். மீதி, கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மருக்குப் போகும். அதே அளவை நாலாகப் பிரித்துக் கொடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் தானாகத் தீனி போடும் கருவியில் நுண்பெல்லட்டை நிரப்பிவிட்டு, காலையும் மாலையும் கையால் மைசிஸ் போடலாம். அதுவும் முடியாது என்றால் ஆன்தியாஸை வாங்காமல் இருப்பதே நல்லது.

தீனியும் வேளையும் சரி என்றால், வயிற்று ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். கழிவு வெள்ளையாக, நூல் மாதிரி நீளமாகத் தொங்கிக்கொண்டே இருக்கும். தின்னாத மீனுக்கும் கழிவு வெள்ளையாக வரும் என்பதால், நன்றாகத் தின்னும் மீனிடம் பார்த்தால் மட்டும் இதை அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். புழுவாக இருந்தால் பிராசிகுவான்டெல், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணியாக இருந்தால் மெட்ரோனிடசோல் மருந்தைத் தீனியில் கலந்து கொடுப்பதுதான் வழி. எந்த ஒட்டுண்ணிக்கு எது, எவ்வளவு என்பதை மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து கலந்த தீனி சிதறாமல் இருக்க, கொஞ்சம் அகர்-அகர் கரைசலில் பிசைந்து ஆறவிட்டுத் துண்டு போட்டால் தண்ணீரில் மருந்து அதிகம் கசியாது.

இது எதுவும் இல்லாமல், வாங்கிய சில வாரங்களில் நன்றாகத் தின்றபடியே ஒரு மீன் உருகிப் போகிறது என்றால், அதைப் பிடித்த விதம் காரணமாக இருக்கலாம். பாறை இடுக்கில் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கி, பிறகு இந்தோனேசியாவுக்கும் பரவியது. தடை இருந்தும் முழுக்க ஒழியவில்லை. அப்படிப் பிடிபட்ட மீனுக்கு நாம் செய்யக்கூடியது அதிகம் இல்லை. அதனால்தான் தொட்டியில் பிறந்த மீனை வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள தன் மையங்களில் கிளவுன் மீன்களை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. பண்ணையில் பிறந்த கிளவுன் மீனுக்குச் சின்ன வயதிலேயே பெல்லட் பழகியிருக்கும். இந்தக் கட்டுரையில் பாதி அதற்குத் தேவைப்படாது.

நாள் முழுக்கக் கொத்துகிறது, வயிறு ஒட்டிக் கிடக்கிறது

மாண்டரின். பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து கொத்திக்கொண்டே இருக்கும். ஏதோ தின்கிறது என்றுதான் நினைப்போம். அது தேடுவது கோப்பிபாட் என்ற, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் உயிரி. புதுத் தொட்டியில் இருப்பதை இரண்டு வாரத்தில் தின்று தீர்த்துவிடும், பிறகு வெறும் பாறையைக் கொத்தும்.

குறைந்தது ஒரு வருடம் ஓடிய, நிறையப் பாறை உள்ள, 200 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிதான் இதற்கு வீடு. பாறை என்றதும் கடலில் போய் எடுத்துவரக் கூடாது. பவளப்பாறைகள் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செயற்கைப் பாறையில் கோப்பிபாட் விதைத்து வளர்க்கலாம். தனியாக இரண்டு வாளியில் கடல்நீர், மெல்லிய காற்றோட்டம், தண்ணீர் லேசாகப் பச்சை தட்டும் அளவுக்கு நுண்பாசி. இவ்வளவில் டிஸ்பே, டிக்ரியோபஸ் என்ற கோப்பிபாட் வகைகள் பெருகும். ஒரு வாளியிலிருந்து எடுக்கும்போது மற்றது வளரட்டும். ஏற்கெனவே மெலிந்த மாண்டரினாக இருந்தால் சின்னத் தடுப்புப் பெட்டியில் வைத்து, குஞ்சு ஆர்ட்டீமியாவும் கோப்பிபாட்டும் ஒரு நாளைக்கு நாலைந்து முறை கொடுங்கள்.

கடல் குதிரைக்கும் இதே மாதிரிப் பசி உண்டு. ஆனால் 2001-இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் பிடிப்பதும் விற்பதும் குற்றம். யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தலையிலும் பக்கக் கோட்டிலும் குழி விழுகிறது, நிறம் வெளுக்கிறது

டேங் மீன்களில் அதிகம் பார்க்கலாம். முகத்தில் ஊசி குத்திய மாதிரிப் புள்ளிகள் தொடங்கி, பக்கவாட்டுக் கோடு வழியே அரித்துக்கொண்டே போகும். மீன் தின்னும், நீந்தும், அழகு மட்டும் போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலும் வைட்டமின் ஏ, சி குறைவும் பாசி இல்லாத சாப்பாடும் இதன் பின்னால் இருக்கும். தொட்டியில் நிலக்கரித் தூள் பறக்கும் தரம் குறைந்த கார்பன் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அதுவும் இதே புண்ணை உண்டாக்கும்.

டேங் என்பது மேயும் மீன். இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவுப் பக்கம் வாழும் பவுடர் புளூ டேங் நாள் முழுக்கப் பாறையில் பாசியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். அதற்கு இறாலையும் மைசிஸையும் மட்டும் கொடுத்து வளர்ப்பது ஆட்டுக்குக் கறி போடுவது மாதிரி. காலையில் நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாள் ஒன்றைக் கிளிப்பில் மாட்டிவிடுங்கள், சாயங்காலம் வரை மேயட்டும். எண்ணெய், உப்பு, மசாலா சேர்க்காத வெறும் நோரியாக இருக்க வேண்டும். வைட்டமின் கரைசலில் தொட்டு மாட்டினால் இன்னும் நல்லது.

நோரி விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு நம் கரையிலேயே வழி இருக்கிறது. இராமநாதபுரம் கரையோரத்தில் கிடைக்கும் கஞ்சிப்பாசி, உலகம் முழுக்க டேங் மீன்களுக்குக் கொடுக்கும் கிராசிலேரியா இனம்தான். காய்ந்ததை வாங்கி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஊறவைத்து, கல்லில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி இறக்குங்கள். முதல் நாள் முறைத்துப் பார்த்தாலும் மூன்றாம் நாள் பிய்த்துத் தின்னும். பாலக்கீரையை வெந்நீரில் போட்டெடுத்து அவசரத்துக்குக் கொடுக்கலாம், ஆனால் அது கடற்பாசிக்கு ஈடாகாது.

குழிகள் ஆறச் சில மாதம் ஆகும். ஆழமாகப் போனவை தழும்பாக நின்றுவிடலாம்.

நேற்று வரை தின்றது, இன்று நிறுத்திவிட்டது

ஒரே மீன் நிறுத்தியதா, எல்லா மீனுமா? எல்லாமும் என்றால் தண்ணீர். சித்திரை, வைகாசியில் சென்னையில் தொட்டி வெப்பம் 30-ஐத் தாண்டும். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், பசி முதலில் போகும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாதவர்கள் தண்ணீர்ப் பரப்பின்மேல் மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத நல்ல தண்ணீரை ஊற்ற மறக்க வேண்டாம்.

தண்ணீரும் சரி என்றால், உறைநிலைத் தீனியைச் சந்தேகியுங்கள். கடையிலோ வீட்டிலோ மின்சாரம் போய், உருகி, மறுபடி உறைந்த கட்டியை மீன் முகர்ந்துவிட்டு ஒதுக்கும். கட்டிகள் வடிவம் குலைந்து ஒட்டியிருந்தால், மைசிஸ் தலைகள் கறுத்திருந்தால் அந்தப் பொட்டலம் வேண்டாம்.

ஒரே மீன் என்றால் நோய். பாறையில் உடம்பைத் தேய்ப்பது, நீரோட்டத்துக்கு எதிரே நின்றுகொண்டே இருப்பது, மூச்சு வாங்குவது, உடம்பில் உப்புத் தூவினாற்போலவோ மாவு பூசினாற்போலவோ தெரிவது. இதில் எது இருந்தாலும் உடனே தனிமைத் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை தொடங்குங்கள். மாவு பூசினாற்போல இருப்பது வெல்வெட் நோய், இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். மீனின் கண் மங்கலாக இருந்து, வேறு அறிகுறி எதுவும் தெரியாவிட்டால் தட்டைப்புழுவாக இருக்கலாம். வெப்பமும் பி.எச்.சும் தொட்டியோடு ஒத்த நன்னீரில் மீனை ஐந்து நிமிடம் வைத்தால் ஒட்டியிருந்த புழுக்கள் வெளுத்து உதிரும். பக்கத்திலேயே நின்று பாருங்கள், மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

வீட்டில் செய்யும் கலவை

எல்லா மீனும் ஓரளவு பழகிய பிறகு நான் மாதம் ஒருமுறை இதைச் செய்துவைக்கிறேன். இறால், கணவாய், வெள்ளைச் சதை மீன் மூன்றும் சம அளவு, மட்டி அதில் பாதி. மட்டியை மட்டும் கொதிநீரில் போட்டெடுத்து, தயமினேஸ் பயத்தைத் தீர்த்துவிடுவேன். ஊறவைத்த நோரியோ கஞ்சிப்பாசியோ ஒரு கைப்பிடி, ஸ்பைருலினா பாசித்தூள் ஒரு கரண்டி. மிக்சியில் ஓரிரு சுற்று மட்டும், கூழாகிவிடக் கூடாது. அலசி வடிகட்டினால் தண்ணீரைக் கலக்கும் சாறு போய்விடும். அகர்-அகர் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் கலந்து, அப்போதுதான் வைட்டமினைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது சேர்த்தால் வீண். பிளாஸ்டிக் பையில் மெல்லிய தகடாகப் பரப்பி உறைய வைத்தால், வேண்டியதை ஒடித்துக்கொள்ளலாம்.

சந்தையில் இறால் வாங்கும்போது நீங்கள் சமைத்துச் சாப்பிடும் தரத்தில் வாங்குங்கள். ஐஸில் இருந்தும் கண் வற்றி, மருந்து வாடை அடிப்பது மீனுக்கும் ஆகாது.

கடையில் மீனைத் தேர்ந்தெடுக்கும்போது

காசு கொடுக்கும் முன் "கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார். மீன் தின்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் வாங்குங்கள். தலைக்குப் பின்னால் சதை குழிந்த மீனை, இரக்கப்பட்டும் வாங்க வேண்டாம். அந்த இடத்தில் அடுத்த வாரம் இன்னொன்று வந்து நிற்கும். மூரிஷ் ஐடல், பவளத்தை மட்டுமே தின்னும் பட்டர்ஃபிளை வகைகள் இரண்டையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல், கடலிலேயே இருக்க விட்டுவிடுங்கள். மற்ற மீன் எதை வாங்கினாலும், அது கடையில் எந்தத் தீனியைத் தின்றது என்று கேட்டு, அதே தீனியில் ஒரு பொட்டலம் சேர்த்து வாங்கி வாருங்கள். முதல் வாரம் அதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பொருளாக இருக்கும்.